தாய்மொழி இலக்கணமே பிறமொழிக்கு வாயில்

மொழிதோறும் சொற்கள் வேறுபடுகின்றன என்பதை யாவரும் அறிவர். அச்சொற்களை நிரல்பட நிறுத்தும் முறையும் மொழிதோறும் வேறுபடுகிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு மொழியைக் கற்பது அதன் அகராதியை மனனம் செய்வதன்று. அதன் தொடரமைப்பைத் தன்வயமாக்கிக் கொள்வதாகும். பள்ளியில் பல்லாண்டுகள் ஆங்கிலம் பயின்ற மாணவர் பலர், நேர்முகத் தேர்வில் நான்கு தொடர்களைத் தடையின்றிச் சொல்ல இயலாமல் தலைகுனிகின்றனர். இதற்குச் சொற்பஞ்சம் மட்டும் காரணமன்று. தமிழ்த் தொடரையும் ஆங்கிலத் தொடரையும் அருகருகே வைத்து, 'இங்கே இது முன் நிற்கிறது, அங்கே இது பின் நிற்கிறது' என்று அவர்களுக்குக் காட்டாததே பெருங்காரணம். ஆங்கிலத் தொடரமைப்பைத் தாய்மொழி இலக்கணத்தின் வழியாகக் கற்பிக்க வேண்டும். அப்பணியில் தமிழ்த்துறைக்கும் சரிபாதிப் பங்கு உண்டு. இதுவே ஈண்டு நாம் வலியுறுத்த விழையும் கருத்து.

புறநகரின் மொழிச் சூழல்

இக்கருத்தை எடுத்துரைக்கச் சென்னையின் மேற்குப் புறநகரைவிடப் பொருத்தமான களம் வேறில்லை. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1965இல் முதல் விஜயந்தா பீரங்கி வண்டி அங்கிருந்து வெளிவந்தது. பாதுகாப்புத் துறை நிறுவனங்கள் பெருகப் பெருக, இந்தியாவின் பல மாநிலத்தவரும் அங்குக் குடியேறினர். அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தென்மாவட்டத் தமிழரையும் அண்டை மாநிலத்தவரையும் ஈர்த்தது. இந்நாளில் வடமாநில இளைஞரும் அங்குப் பெருகி உழைக்கின்றனர். திருவள்ளூர் மாவட்டம் ஆந்திர எல்லையை ஒட்டியது ஆதலின் தெலுங்கு பேசுவோர் இப்பகுதிக்குப் புதியவர் அல்லர். பூந்தமல்லியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் இல்லத்தில் உருதும் வீதியில் தமிழும் பேசும் குடும்பங்கள் உண்டு.

இத்தகைய ஊர்களிலிருந்து வரும் மாணவர்கள் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். ஒருவர் இல்லமொழி தமிழ்; மற்றொருவர்க்குத் தெலுங்கு; வேறொருவர்க்கு உருது. இம்மொழிகள் வெவ்வேறு குடும்பத்தைச் சார்ந்தவை. தமிழும் தெலுங்கும் திராவிடம். உருதும் இந்தியும் இந்தோ ஆரியம். எனினும் ஓர் ஒற்றுமை இவை அனைத்தையும் பிணைக்கிறது. இவை யாவற்றிலும் பயனிலை தொடரின் இறுதியில் நிற்கிறது.

அம்பத்தூர் நிலைய நடைமேடையில் மூன்று மொழிகளில் ஒலிக்கும் அறிவிப்பை நாள்தோறும் கேட்கிறோம். அரக்கோணம் செல்லும் வண்டி வருகிறது என்னும் பொருளைத் தமிழும் இந்தியும் ஏறத்தாழ ஒரே நிரலில் சொல்கின்றன. 'வருகிறது' என்பது இரண்டிலும் கடைசியில் நிற்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் நிரல் மாறுகிறது. 'அரக்கோணம் செல்லும்' என்னும் அடை தமிழில் வண்டிக்கு முன் வருகிறது. 'வண்டி, செல்வது, அரக்கோணத்துக்கு' என்பது ஆங்கிலத்தின் போக்கு. நம் வகுப்பறையில் வீட்டுமொழிகள் பல. ஆனால் தொடரமைப்பில் அவை ஒரு கரையிலும் ஆங்கிலம் மறுகரையிலும் நிற்கின்றன. ஆகவே பாலமும் ஒன்றே போதும்.

உருபும் இடமும்

'நாய் மனிதனைக் கடித்தது' என்றாலும், 'மனிதனை நாய் கடித்தது' என்றாலும் கடிபட்டவன் மனிதனே. 'ஐ' என்னும் இரண்டாம் வேற்றுமை உருபு செயப்படுபொருளைக் காட்டிவிடுகிறது. ஆகவே சொற்கள் இடம் மாறினாலும் பொருள் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு அத்தகைய உருபு இல்லை. 'டாக் பிட்ஸ் மேன்' என்பதை 'மேன் பிட்ஸ் டாக்' என்று மாற்றினால் கடித்தவனே மனிதன் ஆகிவிடுவான். தமிழில் உருபு செய்யும் வேலையை ஆங்கிலத்தில் இடம் செய்கிறது.

ஆங்கிலம் என்றும் இவ்வாறு இருந்ததன்று. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் பெயர்களுக்கு வேற்றுமை விகுதிகள் இருந்தன. அவை காலப்போக்கில் தேய்ந்தன. தேய்ந்த அளவிற்குச் சொல்லின் இடம் இறுகியது. 'வேற்றுமை உருபை இழந்த மொழி, சொல்லின் இடத்தைக் காவலாகக் கொண்டது' என்று நன்னூல் பயின்ற மாணவனுக்குச் சொன்னால் அவன் நொடியில் உணர்வான். அதைச் சொல்லாமல் விதியை மட்டும் மனனம் செய்யச் சொல்கிறோம்.

வேற்றுமை உருபு தமிழில் பெயரின் பின் நிற்கும். அதன் பணியைச் செய்யும் ஆங்கிலச் சொல் பெயரின் முன் நிற்கும். 'ஆவடியில்' என்பது அங்கே 'இல் ஆவடி' என்றாகும். இது தற்செயலன்று. 1963இல் ஜோசப் கிரீன்பெர்க் என்னும் அமெரிக்க மொழியியலறிஞர் முப்பது மொழிகளை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு, வினை இறுதியில் நிற்கும் மொழிகளில் இத்தகைய சொற்கள் பெயரின் பின்னும், வினை முதலில் நிற்கும் மொழிகளில் பெயரின் முன்னும் வரும் போக்கினைச் சுட்டியது. தொடரின் தலை எங்கே உள்ளதோ அதற்கேற்ப உறுப்புகளும் அமைகின்றன.

பிழைக்குள் இருக்கும் இலக்கணம்

நம் மாணவர் ஆங்கிலத்தில் செய்யும் பிழைகள் பலவும் அறியாமையின் விளைவல்ல. தாய்மொழி இலக்கணம் செம்மையாகப் பணிபுரிவதன் விளைவு. 'டுமாரோ ஒன்லி ஹி வில் கம்' என்கிறான் மாணவன். 'நாளைதான் வருவார்' என்பதில் 'தான்' எச்சொல்லை அழுத்துகிறதோ அச்சொல்லின் பின் நிற்பது தமிழ் மரபு. அவன் அம்மரபைக் காத்திருக்கிறான். 'ஒய் யூ ஆர் கோயிங்?' என்று வினவுகிறான். தமிழில் வினாச்சொல்லைச் சேர்ப்பதே வினாவாகப் போதும்; எழுவாயும் வினையும் இடம் பெயர வேண்டுவதில்லை. 'ஹி டீச்சர்' என்று துணைவினையை விட்டுவிடுகிறான். 'அவர் ஆசிரியர்' என்பது தமிழில் முழுமையான தொடர். பெயரே அங்குப் பயனிலை.

இப்பிழைகளைச் சிவப்பு மையால் அடித்துவிட்டால் மாணவன் அறிவது தான் தவறினான் என்பதை மட்டுமே. 'நீ தமிழில் சரியாக எண்ணினாய். ஆங்கிலம் இவ்விடத்தில் வேறு வழி செல்கிறது' என்று சொன்னால் அவன் இரு மொழிகளையும் அறிகிறான். தன் மொழியைப் பற்றிய நாணமும் அவனை விட்டு நீங்குகிறது. அடித்த பிழை மீண்டும் வரும். விளங்கிய பிழை மெல்ல மறையும்.

தொழிற்கூடத்தில் ஒரு தொடர்

தொடரமைப்பு தேர்வுத் தாளோடு முடிவதன்று. 'காப்புத் தகட்டை மூடும் வரை பொறியை இயக்காதே' என்னும் எச்சரிக்கையை எண்ணிப் பார்ப்போம். தமிழ்த் தொடர் நிபந்தனையை முதலில் சொல்லி, விலக்கை வினையின் இறுதியில் வைக்கிறது. ஆங்கிலத் தொடர் பொதுவாக 'இயக்காதே' என்பதற்குரிய சொற்களை முதலில் வைத்து, 'மூடும் வரை' என்பதைப் பின்னர் தருகிறது. தமிழ்த் தொடரைக் கேட்டுப் பழகிய செவி இறுதிச் சொல்லுக்காகக் காத்திருக்கும். ஆங்கிலமோ தலையாய சொல்லை முதலிலேயே சொல்லிவிட்டு நகரும். தொழிற்பேட்டையில் பணிக்குச் செல்லும் மாணவன் இந்த வேறுபாட்டை அறிந்திருந்தால் கட்டளையின் எப்பகுதியில் கவனம் கூர்மையாக வேண்டும் என்பதை உணர்வான். இங்கே இலக்கணம் கைவிரலைக் காக்கும் அறிவாகிறது.

அரபும் உருதும் காட்டும் பாடம்

பிறமொழிகளையும் சற்றே நோக்குவோம். செவ்வியல் அரபில் வினைத்தொடர் பெரும்பாலும் வினையைக் கொண்டே தொடங்கும்: 'படித்தான் சிறுவன் நூலை' என்பது அதன் நிரல். தமிழுக்கு இது நேர் எதிர். ஆயினும் நிகழ்காலப் பெயர்த்தொடரில் அரபும் தமிழும் கைகோக்கின்றன. ஆங்கிலம் வேண்டும் துணைவினை இன்றியே, முப்ததா, கபர் என்னும் இரு உறுப்புகளால் அரபுத் தொடர் முற்றுப் பெறுகிறது. அவற்றை நம் எழுவாய், பயனிலை என்பவற்றோடு ஒப்பிடலாம். மதரஸாவில் அரபு இலக்கணம் பயின்று கல்லூரிக்கு வரும் மாணவன், 'ஹி டீச்சர்' என்னும் பிழையின் வேரை இரு மொழிகளின் துணையால் கண்டுகொள்ள முடியும்.

அரபு மொழிக்கு 'அல்கிதாப்' என்னும் பேரிலக்கணம் தந்த சீபவைஹி, 8ஆம் நூற்றாண்டில் பஸராவில் கற்ற பாரசீகர். அரபு அவர்க்குப் பிறப்பு மொழியன்று. பிறமொழியிலிருந்து வந்தவரே ஒரு மொழியின் அமைப்பைக் கூர்ந்து காண்பர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. நம் நாட்டிலும் இவ்வாறே. சீகன்பால்கு 1716இல் ஹாலே நகரில் தம் தமிழ் இலக்கணத்தை இலத்தீனில் அச்சிட்டார். வீரமாமுனிவர் கொடுந்தமிழ் இலக்கணத்தை இலத்தீனிலேயே வரைந்தார். அறிந்த மொழியிலிருந்து அறியாத மொழிக்கு அவர்கள் நடந்தனர். சென்னைக் கோட்டைக் கல்லூரியோடு தொடர்புடைய எல்லிஸ், தென்னிந்திய மொழிகள் தனியொரு குடும்பம் என்று 1816இல் எடுத்துரைத்ததும், கால்டுவெல் 1856இல் தம் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டதும் ஒப்பீட்டின் பயனே.

நம் தென்னக உருதுவோ மேலும் ஒரு செய்தியைச் சொல்கிறது. வடபுல உருதுவில் 'அவன் சொன்னான்' என்பது முதலில் வந்து, 'கி' என்னும் இணைப்புச் சொல்லுக்குப் பின் சொன்ன செய்தி வரும். தக்கினி உருதுவிலோ செய்தி முதலில் வந்து, 'போல்கே' என்னும் சொல் அதனைத் தொடரும். 'போல்கே' என்பதற்குச் 'சொல்லி' என்பது பொருள். தமிழின் 'என்று' என்பதும் சொல்லுதலைக் குறிக்கும் 'என்' என்னும் வினையடியாகப் பிறந்ததே. தெலுங்கின் 'அனி' என்பதும் அவ்வாறே. நூற்றாண்டுகள் திராவிட மொழிகளோடு ஒரே வீதியில் வாழ்ந்த உருது, சொற்களைத் தன்னதாகவே வைத்துக்கொண்டு தொடரமைப்பை அண்டை வீட்டாரிடம் பெற்றுக்கொண்டது. ஒருவர் இலக்கணத்தை மற்றவர் புரிந்துகொள்வது நம் மண்ணுக்குப் புதியதன்று.

தமிழுக்கு நேரும் கேடு

ஒப்பீட்டறிவு இல்லாமையால் ஆங்கிலம் மட்டும் கெடுகிறது என்று எண்ண வேண்டா. 'கூட்டத்தில் கலந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்' என்று அழைப்பிதழ்களில் எழுதுகிறோம். இஃது ஆங்கிலச் செயப்பாட்டு வினையின் நிழல். 'கலந்துகொள்ள வேண்டுகிறோம்' என்பதில் அழைப்பவரின் கனிவு தெரிகிறது. முன்னதில் அழைப்பவரே மறைந்துவிடுகிறார். 'எந்த மாணவர்கள் கட்டணம் செலுத்தவில்லையோ அந்த மாணவர்கள்' என்று வளர்ப்பதைக் 'கட்டணம் செலுத்தாத மாணவர்கள்' என்னும் எதிர்மறைப் பெயரெச்சம் மூன்றே சொற்களில் முடித்துவிடும்.

'நாம்', 'நாங்கள்' என்னும் வேறுபாடும் அத்தகையதே. கேட்பவரையும் உளப்படுத்துவது நாம், விலக்குவது நாங்கள். தெலுங்கும் இவ்வேறுபாட்டைக் காக்கிறது. ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒன்றே. ஆங்கிலத்தில் எண்ணித் தமிழில் எழுதுவோர் இரண்டையும் கலந்துவிடுகின்றனர். 'நாங்கள் ஊரைத் தூய்மையாக வைப்போம்' என்று மேடையில் முழங்கினால் கேட்போர் அனைவரும் அப்பொறுப்பிலிருந்து விடுபட்டார் என்பதன்றோ பொருள்!

இரு மறுப்புகள்

ஆங்கிலத்தை ஆங்கிலத்தின் வழியாகவே கற்பிக்க வேண்டும் என்பர் சிலர். வீட்டிலும் வீதியிலும் அம்மொழி ஒலிக்கும் சூழலில் அது தகும். வகுப்பறைக்கு வெளியே அம்மொழியைக் கேட்க வாய்ப்பில்லாத மாணவனுக்கு விளக்கம் தாய்மொழியில்தான் தெளிவாகும். பயிற்சி ஆங்கிலத்தில் நடக்கட்டும். விளக்கம் தமிழில் அமையட்டும்.

தமிழ் வகுப்பில் ஆங்கிலம் எதற்கு என்பர் வேறு சிலர். அவர்தம் அச்சத்தில் பொருள் இல்லாமல் இல்லை. 11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் வீரசோழியத்தில் வடமொழி இலக்கண நெறியைத் தமிழுக்குப் பொருத்திக் காட்டினார். அச்சில் எல்லா இடத்தும் பொருந்தவில்லை. இலத்தீன் அச்சில் ஆங்கிலத்தை அடைக்க முயன்ற ஐரோப்பியரும் அவ்வாறே இடர்ப்பட்டனர். ஆனால் நாம் வேண்டுவது ஒரு மொழியை மற்றொன்றின் அச்சில் வார்ப்பதன்று. இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி வேறுபாட்டைக் காண்பது. அவ்வாறு காணும்போது வேற்றுமையும் எச்சமும் பயனிலையும் தேர்வுக்குரிய பெயர்களாக இல்லாமல் உயிருள்ள கருவிகளாகின்றன. தமிழ் இலக்கணத்தின் மீது மாணவர்க்குள்ள சலிப்பு நீங்க இதனினும் நல்வழி உண்டோ?

செய்யத்தக்கவை

நம் போன்ற கல்லூரிகளில் தமிழ்த்துறையும் ஆங்கிலத்துறையும் வாரம் ஒரு மணி நேரம் ஒரே வகுப்பில் இணைந்து கற்பிக்கலாம். மாணவர் ஒவ்வொருவரும் தாம் செய்த ஆங்கிலப் பிழையையும், அதன் தாய்மொழித் தொடரையும், திருத்தத்தையும் மூன்று பத்திகளில் எழுதும் ஏடு ஒன்றைப் பேணலாம். தெலுங்கும் உருதும் இந்தியும் மலையாளமும் பேசும் மாணவர்கள் தத்தம் மொழித் தொடர்களைத் தரலாம். அரபுத்துறை உள்ள கல்லூரிகளில் அத்துறையும் துணைநிற்கலாம். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஆசிரியர் இருவர் ஒரு கரும்பலகையின் முன் நிற்க மனம் ஒப்பினால் போதும்.

ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் வரும் மாணவச் செல்வங்கள் வெறுங்கையோடு கல்லூரிக்குள் நுழைவதில்லை. ஒரு முழு மொழியின் இலக்கணத்தை நாவிலும் செவியிலும் தாங்கியே வருகின்றனர். பலர் இரண்டு மொழிகளைத் தாங்கி வருகின்றனர். அச்செல்வத்தை வாயிலிலேயே விட்டுவிட்டு வருமாறு சொல்வது கல்வியாகாது. அதனையே முதலாகக் கொண்டு அடுத்த மொழியை ஈட்டக் கற்பிப்பதே நம் கடமையாகும்.