கறுத்த தோலையும் படிக்கட்டும் கருவி

மணிக்கட்டில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச் நம் நாடித்துடிப்பை ஒளியால் அளக்கிறது. அதன் அடிப்பக்கத்தில் மின்னும் பச்சை ஒளியை ரத்தம் உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் கூடிக் குறைவதால், திரும்பி வரும் ஒளியும் மாறும். அந்த மாற்றம்தான் திரையில் எண்ணாக வருகிறது. ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனை அளக்கச் சிவப்பொளியும் அகச்சிவப்பொளியும் பயன்படுகின்றன. ஆனால் தோலுக்கு நிறம் தரும் மெலனினும் ஒளியை உறிஞ்சும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

2020இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அதே ஒளிகளால் ஆக்சிஜனை அளக்க விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் காட்டிய எண்களைத் தமனி ரத்தப் பரிசோதனையோடு ஒப்பிட்டார்கள். கருவி 92 முதல் 96 சதவீதம் என்று காட்டிய நேரங்களில், உண்மையான அளவு 88க்கும் கீழே இருந்தது வெள்ளையரின் அளவீடுகளில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரின் அளவீடுகளில் 11.7 சதவீதம். கொரோனா நாட்களில் தமிழ்நாட்டிலும் எத்தனையோ குடும்பங்கள் இதே கருவியின் எண்ணை நம்பித்தான் மருத்துவமனைக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுத்தன.

உடலை அறிய உதவும் கருவிகளை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் அவை எல்லா நிற உடல்களுக்கும் உண்மையைச் சொல்ல வேண்டும். நம் ஊர்த் தோல் நிறங்களில் சோதித்த முடிவைப் பெட்டியின் மீதே அச்சிட்டால்தான் விற்கலாம் என்று அரசு விதி கொண்டுவர வேண்டும். அதுவரை ஒன்றை மறவாதீர்கள்: மூச்சுத் திணறினால், திரையில் என்ன எண் தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் போங்கள்.