பெட்டிக்குள் ஒரு எண்

மட்டாஞ்சேரி யூதத் தெருவின் பழம்பொருள் கடைகளில் வி.ஓ.சி. காசு கேட்டால் எடுத்துப் போடுவார்கள். நம்ம வ.உ.சி. இல்லை, 1663 முதல் 1795 வரை கொச்சியைக் கையில் வைத்திருந்த டச்சுக்காரர்களின் வணிகக் கம்பெனி. போன மாதம் ஒரு கடையில் அந்தச் செப்புக்காசு சீல் வைத்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருந்தது. மேலே பார்கோடு, பக்கத்தில் ‘எம்எஸ் 65’. விலை, பெட்டியில்லாமல் கிண்ணத்தில் கிடக்கும் காசைவிடப் பல மடங்கு. “கிரேடிங் கழிஞ்சதாணு சாரே, தைரியமா எடுக்கலாம்” என்றார் கடைக்காரர். காசோ புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்காக மின்னியது. இருநூறு வருஷம் தாண்டிய செம்புக்கு அவ்வளவு பளபளப்பு ஏது?

அந்த 65, காசின் தரத்தைக் குறிக்க 1949இல் வில்லியம் ஷெல்டன் அமெரிக்கச் செப்பு சென்ட்டுகளுக்காக வகுத்த 1 முதல் 70 வரையான அளவுகோலின் எண். 60இல் தொடங்கி மேலே, புழக்கத்துக்கே போகாத காசு. தேய்த்துக் கழுவிய காசு என்று தெரிந்தால் ஒழுங்கான நிறுவனம் எண்ணே போடாது, ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று எழுதிவிடும். 1986இல் வந்த பிசிஜிஎஸ், அடுத்த ஆண்டு வந்த என்ஜிசி ஆகிய அமெரிக்க கிரேடிங் நிறுவனங்கள் இரண்டும் தங்கள் தவறுக்கு இழப்பீடு தருவதாக, சில விலக்குகளோடு, உத்தரவாதமும் தருகின்றன. அமெரிக்காவிலும் எல்லாரும் அப்படியில்லை. 2003இல் ‘காயின் வேர்ல்ட்’ இதழ் ஒரே காசுகளைப் பல நிறுவனங்களுக்கு மாற்றி மாற்றி அனுப்பியது. ஆளுக்கொரு கிரேடு வந்தது.

நம் சிக்கல் வேறு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த காசு தொல்பொருள். தனியார் அதை நாட்டைவிட்டு அனுப்பக் கூடாது. 1939ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் அமெரிக்கா போய் எண் வாங்கி வரலாம், டச்சுக் காசு போக முடியாது. சட்டம் நியாயமானதுதான். ஆனால் அந்த வெற்றிடத்தில் பெட்டியும் பிரிண்டரும் வைத்திருப்பவரெல்லாம் நிபுணராகிவிடலாம். நேர்மையாகச் செய்பவர்கள் இங்கேயும் உண்டு. காசு விற்பவரே கிரேடும் போடும் இடத்தில் மட்டும் நான் பர்ஸைத் திறப்பதில்லை. எண் தப்பானால் பணம் தருவது யார் என்று கேட்பேன். எழுத்தில் பதில் வராவிட்டால் பெட்டிக்கென்று ஒரு பைசா கூடுதலாகத் தர மாட்டேன்.

பெரிய பெயரைப் பார்த்தும் மயங்க வேண்டாம். தன் பெட்டியையே போலியாகச் செய்கிறார்கள் என்று 2008இல் என்ஜிசி எச்சரித்தது. அவர்களுடைய இணையதளத்தில் சான்று எண்ணைத் தட்டினால் பெரும்பாலும் காசின் படம் வரும். படத்திலுள்ள கீறலும் கையிலுள்ள காசின் கீறலும் ஒன்றுதானா என்று லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் பேரம் பேசுங்கள்.