மேடையில் அல்ஜிப்ரா, வகுப்பில் அச்சம்

மீலாது மேடைகளில் நாம் தவறாமல் கேட்கும் முழக்கம் ஒன்றுண்டு: “அல்ஜிப்ராவை உலகுக்கு அளித்தவர்கள் நாம்!” கரவொலி எழும். பேசி இறங்கும் பெருமகனாரிடம், ஜப்ர் என்றால் என்ன, முகாபலா என்றால் என்ன என்று வினவிப் பாருங்கள். விழிப்பார்.

கலீபா மஃமூனின் ஆட்சியில் (813-833) பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி, தம் நூலின் பெயரிலேயே பாடத்தை வைத்துவிட்டார். ஜப்ர் என்பது குறைந்ததை நிறைவாக்குதல். முறிந்த எலும்பைப் பொருத்துவதற்கும் அரபியில் அதே சொல்தான். ஓர் எண்ணில் 7 குறைய 12 என்றால், குறைந்த ஏழை இருபுறமும் கூட்டி அவ்வெண்ணை முழுமையாக்குகிறோம், 19 கிடைக்கிறது. முகாபலா என்பது இருபுறமும் உள்ள ஓரினத்தை எதிரெதிரே நிறுத்திச் சமமாகக் கழிப்பது. தராசின் இரு தட்டிலிருந்தும் ஒரே எடையை எடுத்தால் முள் அசையாது என்பதை மளிகைக்கடைப் பையனும் அறிவான்.

நம் பள்ளிகளிலோ, “அந்தப் பக்கம் போனால் குறி மாறும்” என்பதோடு பாடம் முடிகிறது. ஏன் மாறும் என்று கேட்ட பிள்ளை உட்கார வைக்கப்படுகிறான். ஆசிரியரை மட்டும் நோவானேன்? அவருக்கும் அப்படியே சொல்லப்பட்டது. 2015 முதல் பி.எட். படிப்பு ஈராண்டாயிற்று. ஆண்டைக் கூட்டினால் போதுமா? ‘ஓர் எண்ணோடு மூன்றைக் கூட்டி இருமடங்காக்கு’ என்றால், எண்ணை மட்டும் இருமடங்காக்கி மூன்றை அப்படியே விட்டுவிடும் பிள்ளையின் மனத்தில் ஓடுவது யாது? இதை ஆராயப் பழகாதவர் பாடக்குறிப்பை எத்துணை அழகாக எழுதினும் வீண்.

மதரஸாக்காரருக்கு இதில் என்ன வேலை என்பார் சிலர். நாம் பராயிள் கற்பிக்கிறோம், ஐயா! மனைவி, ஒரு மகன், ஒரு மகளை விட்டு ஒருவர் இறந்தால் சொத்து 24 பங்கு; மனைவிக்கு 3, மகனுக்கு 14, மகளுக்கு 7. நம் மாணவர்கள் இதைத் தயங்காமல் செய்கிறார்கள். மகளின் பங்கை ‘ஒரு பொருள்’ என்று வைத்தால் மகனுக்கு இரு பொருள். மூன்று பொருளும் சேர்ந்து 21. தெரியாத எண்ணை அல்-குவாரிஸ்மி ‘ஷைஃ’, அதாவது பொருள், என்றே அழைத்தார். அவர் நூலில் பெரும்பகுதி வஸிய்யத், வாரிசுக் கணக்குகளே. அதே மாணவர்கள்தாம் பள்ளியில் இயற்கணிதம் என்றதும் நடுங்குகிறார்கள்!

நம்மவர் நடத்தும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளின் நிர்வாகிகளைக் கேட்கிறோம்: வாரம் ஒரு மணி நேரம், மாணவர்களின் தவறான விடைத்தாள்களை முன்வைத்து, தவற்றின் வேரைப் பயிற்சி ஆசிரியர்கள் தேடட்டும். விழா மேடைக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பகுதிகூட இதற்கு ஆகாது.