தெறித்து விழும் பல்லுக்குப் பள்ளியில் முதலுதவி எங்கே?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

விளையாட்டு மைதானத்தில் ஒரு குழந்தையின் முன்பல் வேரோடு தெறித்து விழுந்தால் அடுத்த அரை மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது நம் பள்ளிகளில் பெரும்பாலானோருக்குத் தெரியாது. இது ஆசிரியர்கள் மீது நான் சுமத்தும் குற்றச்சாட்டல்ல. சென்னை உட்பட இந்திய நகரங்கள் பலவற்றில் பள்ளி ஆசிரியர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்திதான் இது. சொல்லித்தர வேண்டிய பொறுப்பு பள்ளிக் கல்வித் துறைக்கும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் இருக்கிறது. அந்தப் பொறுப்பு கவனிப்பாரற்றுக் கிடப்பதால், காப்பாற்றியிருக்கக்கூடிய பற்களைக் குழந்தைகள் இழக்கிறார்கள். இதைக் கண்டித்தே இக்கடிதம்.

இது எங்கோ அபூர்வமாக நடக்கும் விபத்தல்ல. 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 20 சதவீதம் பேருக்குப் பல்லில் ஏதாவது ஒரு காயம் ஏற்பட்டிருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஓடும்போது, சைக்கிளிலிருந்து விழும்போது, கபடியில் முழங்கை இடிக்கும்போது முதல் அடி வாங்குவது மேல்வரிசை முன்பற்கள்தான். இவை 7, 8 வயதில் முளைக்கும் நிலையான பற்கள். இவற்றுக்குப் பிறகு வேறு பல் வராது. ஆனால் விழுந்த பல்லை மதிப்பற்றதாக நினைக்கும் பழக்கம் நம்மிடம் ஊறியிருக்கிறது. பால்பல் விழுந்தால் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிந்து வளர்ந்தவர்கள் நாம். ஒன்பது வயதுக் குழந்தையின் முன்பல்லுக்கும் அதே கதி நேர்ந்தால், அந்தப் பல்லை வாழ்நாளுக்கும் இழந்துவிட்டோம் என்று பொருள்.

பல்லின் வேரைத் தாடை எலும்போடு பிணைத்து வைத்திருப்பது மெல்லிய நார்த்திசு. பல் தெறிக்கும்போது இது அறுந்து, ஒரு பகுதி வேரின் மேலேயே உயிரோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அந்த உயிரணுக்கள் பிழைத்திருக்கும்வரைதான் பல்லைத் திரும்பக் குழியில் வைத்து இயல்பாக ஒட்ட வைக்க முடியும். பல் காயங்களுக்கான சர்வதேச அமைப்பு 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, விழுந்த இடத்திலேயே, அல்லது 15 நிமிடத்துக்குள், பல்லைத் திரும்பப் பொருத்தினால் பலன் மிக நன்றாக இருக்கும். காற்றில் உலர்ந்து 30 நிமிடம் கிடந்தாலே பெரும்பாலான உயிரணுக்கள் மடிந்துவிடும். அதன் பிறகு பொருத்தினாலும் வேர் சிறுகச் சிறுக எலும்போடு இறுகி, கரைந்துபோகும். வளரும் குழந்தைக்கு உடனே இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைத்து ஈடுசெய்யவும் முடியாது. தாடை வளர்ச்சி முடியும்வரை, அதாவது ஏறத்தாழ 18 வயதுவரையாவது, காத்திருக்க வேண்டும். நடுவில் உள்ள பத்து ஆண்டுகளும் கழற்றி மாட்டும் பல்லோடுதான் அந்தக் குழந்தை பேச வேண்டும், சிரிக்க வேண்டும்.

இப்போது பள்ளியில் என்ன நடக்கிறது? மண்ணில் விழுந்த பல்லை யாராவது எடுத்து, குழாயடியில் பிடித்து, வேரில் ஒட்டியிருக்கும் மண்ணை விரலால் தேய்த்துக் கழுவுவார்கள். சோப்புப் போடுகிறவர்களும் உண்டு. பிறகு காகிதத்திலோ கைக்குட்டையிலோ சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள். ஈறில் காபித்தூள் அப்பி, பெற்றோருக்குப் போன் செய்துவிட்டு, அவர்கள் வந்து சேரும்வரை குழந்தையை உட்கார வைப்பார்கள். எல்லாம் அக்கறையோடுதான் செய்யப்படுகின்றன. ஆனால் வேரைத் தேய்த்த அந்த விரலும் பல்லை உலர்த்திய அந்தக் கைக்குட்டையுமே பல்லைக் கொன்றுவிடுகின்றன.

செய்ய வேண்டியதோ மிக எளிது. குழந்தை மயங்கினாலோ வாந்தி எடுத்தாலோ அது தலைக்காயமாக இருக்கலாம். பல்லைப் பற்றி யோசிக்காமல் முதலில் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அப்படி இல்லையென்றால் பல்லைத் தேடி எடுத்து, வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியைப் பிடித்து, அழுக்கு இருந்தால் பாலில் லேசாக அலசி, நிலையான பல் என்று உறுதியானால் குழியிலேயே வைத்து, கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லி, பல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். வைக்கத் தயக்கமாக இருந்தால் ஒரு டம்ளர் ஆறிய பாலில் பல்லைப் போட்டு எடுத்துப்போனால் போதும். பால் கிடைக்காவிட்டால் குழந்தையின் எச்சிலிலேயே வைக்கலாம். பால்பல்லை மட்டும் ஒருபோதும் திரும்பச் சொருகக் கூடாது. உள்ளே வளரும் நிலையான பல்லை அது சிதைக்கக்கூடும்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளை நான் அறிவேன். உயிர்போகும் நோய்களே வரிசையில் நிற்கும்போது ஒரு பல்லுக்கு இத்தனை ஆர்ப்பாட்டம் ஏன் என்பது முதலாவது. மற்ற நோய்களுக்கான பணத்தையோ படுக்கையையோ இதற்காக யாரும் பறிக்கப்போவதில்லை. கேட்பது ஓர் அறிவிப்புப் பலகையும் ஒரு மணி நேரப் பயிற்சியும்தான். இவ்வளவு குறைந்த செலவில் நிரந்தர இழப்பைத் தடுக்கும் வாய்ப்பு மருத்துவத்தில் அதிகம் இல்லை. ஆசிரியர்கள் ஏற்கெனவே சுமையில் இருக்கிறார்கள், வைத்தியமும் பார்க்கச் சொல்வதா என்பது இரண்டாவது. இந்த மறுப்பில் நியாயம் உண்டு. அதனால்தான் பல்லைக் குழியில் வைப்பதைக் கட்டாயமாக்கச் சொல்லவில்லை. பாலில் போடுவது வைத்தியமல்ல; அதைச் செய்ததற்காக ஆசிரியர் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை என்று அரசே எழுதிக் கொடுக்கலாம்.

தனியார் பல் மருத்துவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கும்போது அரசு ஏன் கவலைப்பட வேண்டும் என்பது மூன்றாவது மறுப்பு. நகரத்தில் இருக்கிறார்கள், கிராமத்தில் இல்லை. நகரத்திலும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் கதவு பூட்டியிருக்கும். அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவு பெரும்பாலும் பகல் நேரப் புறநோயாளிப் பிரிவாகவே இயங்குகிறது. குழந்தைகளோ பள்ளி விட்ட பிறகும் விடுமுறை நாளிலும்கூட விழுகிறார்கள். பல் தெறிப்புக்கு மட்டுமல்ல, சொத்தைப் பல்லிலிருந்து பரவும் சீழ்க்கட்டிக்கும் இது பொருந்தும். கன்னம் வீங்கிக் காய்ச்சல் அடித்து, விழுங்கவும் மூச்சுவிடவும் குழந்தை திணறினால் அது உயிருக்கே ஆபத்தான கட்டம். நள்ளிரவில் அரசு மருத்துவமனைக்குப் பல் மருத்துவரை அழைக்க ஏற்பாடு இருக்க வேண்டாமா?

கட்டமைப்பு ஏதுமில்லாத மாநிலத்தில் இதைக் கேட்கவில்லை. குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் நடமாடும் மருத்துவக் குழு பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது வர வேண்டும் என்பது 2013 முதல் உள்ள விதி. பல் சொத்தையைப் பார்ப்பதும் அதன் பணி. அதே வருகையில் ஆசிரியர்களுக்கும் சத்துணவுப் பணியாளர்களுக்கும் இந்த முதலுதவியைச் செய்துகாட்டினால் தனிச் செலவே இல்லை. 104 மருத்துவ உதவி எண்ணில் பேசுகிறவர்கள் கையில் ஒரு பக்கக் குறிப்பு இருந்தால், பதறிப்போன பெற்றோருக்குப் பாலைப் பற்றிச் சொல்ல முடியும். 2023-ல் புதுக்கோட்டையில் புதிய அரசு பல் மருத்துவக் கல்லூரியைத் திறந்த அரசுக்கு, மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மாலையிலும் ஞாயிறிலும் அழைத்தால் வரும் ஒரு பல் மருத்துவரை நியமிப்பது முடியாத காரியமல்ல.

வரும் கல்வியாண்டு தொடங்குமுன் இரண்டு துறைகளும் சேர்ந்து ஒரு சுற்றறிக்கை வெளியிட வேண்டும்: எல்லாப் பள்ளிகளிலும் விளையாட்டு அறையில் தமிழில் படத்தோடு ஓர் அறிவிப்பு, உடற்கல்வி ஆசிரியர்களுக்குக் கட்டாயப் பயிற்சி, ஒவ்வொரு மாவட்டத்திலும் இரவுநேரப் பல் மருத்துவரின் தொடர்பு எண். இதைச் செய்யத் தவறினால், இனி ஒரு குழந்தை இழக்கும் ஒவ்வொரு முன்பல்லுக்கும் அந்த விபத்தை மட்டும் காரணம் காட்டித் துறைகள் தப்பித்துக்கொள்ள முடியாது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி