ஏற்காட்டுக்கும் ஒரு முன்னாள் எம்எல்ஏ வேண்டும்

2019 ஏப்ரலில் நடந்த ஓசூர் இடைத்தேர்தலில் வென்று சட்டமன்றத்துக்குப் போனவர் எஸ்.ஏ.சத்யா. 2021 பொதுத்தேர்தலில் அவருடைய கட்சியான திமுக அந்தத் தொகுதியில் ஒய்.பிரகாஷை நிறுத்தியது. முன்னாள் எம்எல்ஏ ஆகிவிட்ட சத்யா ஒதுங்கிவிடவில்லை. 2022 பிப்ரவரியில் ஓசூர் மாநகராட்சியில் கவுன்சிலரானார், மார்ச்சில் மேயரானார். கவுன்சிலர்களே மேயரைத் தேர்ந்தெடுக்கும் முறை என்பதால், தொகுதி முழுக்க ஓட்டுக் கேட்டவர் ஒரே ஒரு வார்டில் ஓட்டுக் கேட்டு வென்றாக வேண்டியிருந்தது.

இதைப் பதவி இறக்கம் என்று நினைக்கும் பழக்கம் நம் கட்சிகளில் ஊறிப்போயிருக்கிறது. அதை முதலில் உதற வேண்டியது சேலம் மாவட்டம். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி, 1948-ல் கவர்னர் ஜெனரல் ஆனார். நாட்டின் மிக உயர்ந்த அந்தப் பதவியை வகித்த பிறகும், 1950-ல் நேருவின் அமைச்சரவையில் ஓர் அமைச்சராகச் சேர்ந்தார். 1952-ல் சென்னை மாநில முதல்வரானார். எந்த நாற்காலியும் அவருக்குச் சிறியதாகப் படவில்லை.

சென்னையில் சைதை துரைசாமி இருக்கிறார். 1984-ல் சைதாப்பேட்டை எம்எல்ஏ. 2011 மே மாதம் கொளத்தூரில் மு.க.ஸ்டாலினிடம் சில ஆயிரம் வாக்குகளில் தோற்றவர், அதே ஆண்டு அக்டோபரில் மேயராக வென்றார். அம்மா உணவகங்கள் 2013-ல் அவர் தலைமையிலான மாநகராட்சியில்தான் தொடங்கின. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநில சட்டமன்றத்தின் சபாநாயகராக இருந்த ஹெர்ப் வெசன், 2005-ல் லாஸ் ஏஞ்சலிஸ் நகர மன்ற உறுப்பினராகி, பின்னர் அதன் தலைவராகவும் இருந்தார்.

இனி சேலம் மாவட்டத்தில் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு வருவோம்.

தமிழகத்தில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதிகள் இரண்டே. ஏற்காடு அவற்றில் ஒன்று, மற்றொன்று சேந்தமங்கலம். 2013 ஜூலையில் ஏற்காடு எம்எல்ஏ சி.பெருமாள் காலமானார். ஐந்தே மாதத்தில், டிசம்பர் 4-ம் தேதி, இடைத்தேர்தல் நடந்து முடிந்தது. அவருடைய மனைவி பி.சரோஜா 78 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். ஓர் இடம் காலியானதற்கு இவ்வளவு வேகம்.

அதே மலையில் 9 ஊராட்சிகளும் ஓர் ஊராட்சி ஒன்றியமும் இருக்கின்றன. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு, 2019 டிசம்பர் வரை அவற்றுக்குத் தேர்தல் இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்கள்தான் நிர்வாகம். அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலமும் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர்கள். ஐந்தாண்டு முடியும் முன்பே தேர்தல் நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243இ பிரிவு சொல்கிறது. சட்டமன்ற இடம் என்றால் பதறும் அரசியல், ஊராட்சி என்றால் பொறுத்துக்கொள்கிறது. உள்ளாட்சியைக் கீழான இடமாக நினைப்பதன் நேரடி விளைவு இது.

இழப்பு மலைக்காரர்களுக்கு. 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சாலை, பள்ளி, குடிநீர்க் குழாய், அங்கன்வாடி போன்ற தேவைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தைத் தர வழிசெய்கிறது. அதற்குக் கிராமசபையின் பரிந்துரை கட்டாயம். பரிந்துரை கிடைத்தால் மட்டும் போதாது. வனத்துறைக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் அலைந்து அந்தக் கோப்பை நகர்த்த ஆள் வேண்டும். எந்த அதிகாரி கையெழுத்திட வேண்டும், எந்தத் துறையில் நிதி இருக்கிறது, எங்கே அழுத்திக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் ஐந்தாண்டு எம்எல்ஏவாக இருந்தவருக்கு அத்துப்படி. முதல்முறை வென்று வரும் ஒன்றியக் கவுன்சிலருக்கு அதைக் கற்கவே பாதிக் காலம் போய்விடும்.

எம்எல்ஏவுக்கு வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் என்று சமவெளியின் வாக்குகளையும் பார்க்க வேண்டிய கட்டாயம் உண்டு. ஏற்காடு ஒன்றியத் தலைவருக்கோ மலை மட்டுமே பொறுப்பு. அந்தப் பதவிக்கும் வழி ஒரு வார்டில் வெல்வதுதான். ஓசூரில் சத்யா போன அதே வழி.

ஆகவே கோரிக்கை இரண்டு. உள்ளாட்சியின் பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தல் நடத்துவதை மாநில அரசும் மாநிலத் தேர்தல் ஆணையமும் வழக்கமாக்க வேண்டும். கட்சிகள் தங்கள் முன்னாள் ஏற்காடு எம்எல்ஏக்களை அழைத்து, ஒன்றிய வார்டுகளில் நிற்கச் சொல்ல வேண்டும். மறுப்பவர்கள் ஏன் மறுக்கிறார்கள் என்பதை மலைக்கிராம மக்களிடம் நேரில் வந்து சொல்லட்டும்.