எதிரே வருபவருக்கும் கண் உண்டு

அது பெரும்போக அறுவடைக் காலம். கல்முனையில் பௌதிகவியல் வகுப்பு முடிந்து, வாப்பாவின் மோட்டார் சைக்கிளில் நிந்தவூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். மஃரிப் தொழுகை முடிந்து அரை மணித்தியாலம் ஆகியிருக்கும். சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு என்று கடைகளின் வெளிச்சத்திலேயே வந்துவிட்டோம். காரைதீவைத் தாண்டியதும் வயல் காற்று முகத்தில் அடித்தது. வீதி இருட்டாகியது.

எதிரே ஒரு வேன் வந்தது. அதன் இரண்டு பிரதான விளக்குகளும் முழு வெளிச்சத்தில் எரிந்தன. அது போதாதென்று கீழேயும் இரண்டு வெள்ளை விளக்குகள். வாப்பா தன்னுடைய லைட்டை இரண்டு தடவை டிம் பண்ணிக் காட்டினார். வேன் கணக்கெடுக்கவில்லை. எனக்கு முன்னால் வாப்பாவின் முதுகுகூடத் தெரியாத அளவுக்கு வெள்ளை வெளிச்சம். அது எங்களைக் கடந்து போன மறுகணம் எல்லாம் ஒரே கறுப்பு. அந்தக் கறுப்புக்குள், நெல் மூட்டை ஏற்றிய லேன்ட்மாஸ்டர் ஒன்று வீதி ஓரத்தில் நின்றிருக்கிறது. அதன் பெட்டியின் பின்னால் ஒரு சிவப்பு விளக்குக்கூட இல்லை. கடைசி நொடியில்தான் வாப்பா கண்டார். ஹேண்டிலை வெட்டித் திருப்பினார். இருவரும் விழுந்தோம்.

அல்ஹம்துலில்லாஹ், பெரிதாக ஒன்றும் இல்லை. எனக்கு முழங்கையிலும் முழங்காலிலும் உரசல். வாப்பாவுக்கு மணிக்கட்டு வீங்கி, மூன்று வாரம் வேலைக்குப் போக முடியவில்லை. லேன்ட்மாஸ்டர்காரர் ஓடி வந்து எங்களைத் தூக்கி, தண்ணீர் தந்து, "லைட் போடாதது என்ட பிழதான்" என்று பல தடவை மன்னிப்புக் கேட்டார். ஆனால் அந்த வேன் சாரதி வரவில்லை. அவர் ஓடி ஒளிந்தார் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு நாங்கள் விழுந்ததே தெரியாது. இன்று வரைக்கும் தெரியாது. அன்றிரவு அவர் வீட்டுக்குப் போய், நிம்மதியாகச் சாப்பிட்டு, "இன்றைக்கு ஒரு பிரச்சினையும் இல்லாமல் வந்து சேர்ந்தேன்" என்று சொல்லியிருப்பார்.

இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்குக் காரணம் அதுதான். வேகமாக ஓட்டி மோதுபவருக்குத் தன் பிழை தெரியும். மற்றவரின் கண்ணைக் கூசச் செய்பவருக்கு எதுவுமே தெரியாது. அவருடைய வாகனத்தில் ஒரு கீறல் விழாது. அவர் செய்ததன் விளைவு அவருக்குப் பின்னால், அவர் பார்க்காத இருட்டில்தான் நடக்கும். தான் செய்த தீங்கைக் காணாத மனிதன் எப்படித் திருந்துவான்? அதனால்தான் யாராவது ஒருவர் அதை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தச் சில நொடிகளில் கண்ணுக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இருட்டில் நமது கண்மணி நன்றாக விரிந்திருக்கும். கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் உள்ளே எடுப்பதற்காக அது அப்படி விரிகிறது. அந்த நேரம் பலத்த வெளிச்சம் நேராக விழுந்தால் அது கண்ணுக்குள்ளே சிதறி, விழித்திரை முழுவதும் ஒரு வெள்ளைத் திரை போல விரிந்துவிடும். அதன் முன்னால் மங்கலான பொருட்கள் எல்லாம் மறைந்து போகும். வெளிச்சம் நீங்கிய பின்னரும் உடனே பார்வை திரும்பாது. இருளில் பார்க்க உதவும் கோல் கலங்களின் நிறப்பொருள் வெளிச்சத்தால் சிதைந்துவிடுகிறது. அது மீண்டும் உருவாக வேண்டும். கண் முழுமையாக இருளுக்குப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் வரை எடுக்கும் என்று படிக்கிறோம். வீதியைப் பார்க்கும் அளவுக்காவது தேறுவதற்குச் சில செக்கன்கள் வேண்டும். வயது கூடக்கூட அந்த நேரமும் கூடும். கண்புரை ஆரம்பித்தவர்களுக்கு இன்னும் கஷ்டம்.

சில செக்கன்கள்தானே என்று நினைக்க வேண்டாம். வாப்பா அன்று மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வந்தார். அப்படியென்றால் ஒரு செக்கனுக்கு 11 மீற்றர். மூன்று செக்கன் கண் தெரியாவிட்டால் 33 மீற்றர். அவ்வளவு தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம் அது. 60 கிலோமீற்றர் வேகத்தில் வருபவருக்கு அதே மூன்று செக்கனில் 50 மீற்றர் போய்விடும். அந்தத் தூரத்துக்குள் வீதியில் படுத்திருக்கும் மாடு இருக்கலாம். லைட் இல்லாத சைக்கிளில் இஷாவுக்குப் போகும் ஒரு முதியவர் இருக்கலாம். தராவீஹ் முடிந்து கறுப்பு அபாயாவுடன் வீதி ஓரமாக நடந்து வரும் நம்முடைய உம்மாமார் இருக்கலாம்.

விழுந்த கோபத்தில் நான் அந்த வேன்காரரை ஏசிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வந்து பார்த்தால், முற்றத்தில் காக்காவின் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அதன் ஹேண்டிலுக்குக் கீழே இரண்டு எல்ஈடி விளக்குகள். போன மாதம் அவரே ஆசையாக வாங்கிப் பூட்டியவை. அந்த நேரம் நானும் "நல்ல வடிவா இருக்கு காக்கா" என்று சொன்னவள்தான். அன்றிரவுதான் அவை என் கண்ணுக்கு வேறு மாதிரித் தெரிந்தன.

நான் கேட்டதும் காக்கா சொன்னார்: "முன்னால வாறவன் எல்லாரும் போட்டுட்டுத்தான் வாறான். நான் மட்டும் டிம் பண்ணினா எனக்குத்தானே கண் தெரியாமப் போகும்? வயல் ரோட்டுல மாடு நிண்டா யாரு பொறுப்பு?"

அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. நம்முடைய பகுதியில் பல வீதிகளில் தெருவிளக்கு இல்லை. இருந்தாலும் எரிவதில்லை. மாடுகள் உண்மையிலேயே படுத்திருக்கின்றன. நல்ல வெளிச்சம் தேவைதான். எதிரே யாரும் வராதபோது முழு வெளிச்சம் போடுவதில் பிழை இல்லை. அதற்காகத்தான் அது வாகனத்தில் இருக்கிறது.

விவாதித்து வெல்ல முடியாது என்று தெரிந்ததால் ஒரு பரிசோதனை செய்து பார்த்தோம். மறுநாள் இரவு எங்கள் வீட்டு ஒழுங்கையில் காக்காவின் மோட்டார் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, எல்லா விளக்குகளையும் போட்டேன். காக்காவை முப்பது அடி எடுத்து வைத்துத் தள்ளி நின்று பார்க்கச் சொன்னேன். "சைக்கிளுக்குப் பக்கத்துல என்ன இருக்கு?" என்று கேட்டேன். "ஒண்டும் இல்லையே" என்றார். உண்மையில், வெள்ளைச் சேட்டுப் போட்ட எங்கள் தம்பி கையில் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சைக்கிளுக்குப் பக்கத்தில்தான் நின்றான். அவன் சிரித்த பிறகுதான் காக்காவுக்கு அவன் அங்கே நிற்பது தெரிந்தது. காக்கா ஒன்றும் பேசவில்லை. தன்னுடைய விளக்கை எதிரே நின்று அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எல்லாச் சாரதிகளும் ஒரு தடவையாவது இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. நம் விளக்கின் பின்னால் உட்கார்ந்துதான் நாம் அதைப் பார்க்கிறோம். முன்னால் நிற்பவருக்கு அது என்ன செய்கிறது என்பதைப் பார்ப்பதே இல்லை.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. டிம் பண்ணினால் வெளிச்சம் மிகவும் குறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய வாகனங்கள் பலவற்றில் இருக்கும் எச் 4 ஹலோஜன் மின்குமிழை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இரண்டு இழைகள் இருக்கின்றன. முழு வெளிச்சத்துக்கு 60 வாற்று. டிம் வெளிச்சத்துக்கு 55 வாற்று. வித்தியாசம் 5 வாற்றுத்தான். ஆனால் டிம் இழைக்குக் கீழே சின்னதொரு உலோகக் கிண்ணம் இருக்கிறது. அது மேல்நோக்கிப் போகக்கூடிய கதிர்களைத் தடுத்து, வெளிச்சத்தை வீதியின் மீது விழச் செய்கிறது. ஆகவே டிம் பண்ணுவது என்பது விளக்கை அணைப்பதல்ல. வெளிச்சம் எதிரே வருபவரின் முகத்தில் விழாமல் நிலத்தில் விழச் செய்வதுதான்.

இந்த ஏற்பாட்டைத்தான் நாம் கடையில் வாங்கும் மலிவான எல்ஈடி மின்குமிழ்கள் கெடுத்துவிடுகின்றன. விளக்கின் உள்ளே இருக்கும் தெறி ஆடி அந்தச் சின்ன இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுத்தான் செய்யப்பட்டது. அளவிலும் இடத்திலும் மாறுபட்ட வேறொன்றை அதற்குள் வைத்தால் வெளிச்சம் கண்டபடி சிதறும். பிறகு டிம் பண்ணினாலும் பெரும்பாலும் பிரயோசனம் இருக்காது. அதேபோல, பின்னால் அதிக பாரம் ஏற்றினால் வாகனத்தின் முன்பக்கம் உயர்ந்து, டிம் வெளிச்சமும் எதிரே வருபவரின் கண்ணுக்கே போகும். பல கார்களிலும் வேன்களிலும் விளக்கின் கோணத்தை இறக்குவதற்கு ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சிறிய சில்லு இருக்கிறது. அது எதற்கென்று என் மாமாவுக்குப் பத்து வருடமாகத் தெரியாது.

சட்டம் என்ன செய்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நமது நாட்டில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இருக்கிறது. 2025 ஜனவரியில் 'க்ளீன் ஸ்ரீலங்கா' திட்டத்தின் கீழ் பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் மேலதிகமாகப் பூட்டிய பொருட்களை அகற்றும் நடவடிக்கையைப் பொலிஸார் ஆரம்பித்தபோது அதற்கு எதிர்ப்பும் எழுந்தது. ஆனால் பகலில் நடக்கும் பரிசோதனையில் விளக்கு எங்கே அடிக்கிறது என்பது தெரியாது. வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுப்பதற்குப் பெரும்பாலான வாகனங்கள் புகைப் பரிசோதனைக்குப் போகின்றனவே. அதே இடத்தில் விளக்கின் உயரத்தையும் கோணத்தையும் பார்த்தால் என்ன? புகையால் வரும் தீங்கைப் பரிசோதிக்கும் நாம், வெளிச்சத்தால் வரும் தீங்கையும் பரிசோதிக்கலாம். பின் விளக்கு இல்லாத லேன்ட்மாஸ்டர் பெட்டிகளுக்கு, குறைந்தது ஒளியைத் தெறிக்கும் சிவப்பு ஸ்டிக்கரையாவது அறுவடைக்கு முன்னர் ஒட்டிவிட நமது விவசாய அமைப்புகள் முன்வரலாம்.

சட்டம் வரும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. தோழிகளே, நாம் வாகனம் ஓட்டாதவர்களாக இருக்கலாம். ஆனால் பின்னால் உட்கார்ந்து போகிறோம். "வாப்பா, லைட்டை டிம் பண்ணுங்க" என்று சொல்ல நமக்கு வாய் இருக்கிறது. இரவில் நடந்து போகும்போது நடைபாதை இல்லாவிட்டால், வரும் வாகனத்தைப் பார்த்தபடி வலது ஓரமாக நடப்போம். கையில் சின்ன டோர்ச் ஒன்றை நிலத்தை நோக்கிப் பிடிப்போம். பெற்றோர்களே, எதிரே வருபவர் முழு வெளிச்சத்துடன் வந்தால் பதிலுக்கு நீங்களும் போடாதீர்கள். வேகத்தைக் குறைத்து, வீதியின் இடது ஓரத்துக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள். அவர் ஒருவருக்குக் கண் தெரிவது, இருவருக்கும் தெரியாமல் போவதைவிட நல்லது.

பாதையில் கிடந்து மனிதருக்குத் தொல்லை கொடுக்கும் பொருளை அகற்றுவதும் ஈமானைச் சேர்ந்தது என்று சிறு வயதிலேயே மத்ரஸாவில் படித்தோம். கல்லையும் முள்ளையும்தான் அது குறிக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். கண்ணைக் குருடாக்கும் வெளிச்சமும் பாதையில் கிடக்கும் முள்தான். வாகனத்தில் போகிறவர் நடந்து போகிறவருக்கு முதலில் ஸலாம் சொல்ல வேண்டும் என்பதும் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த ஒழுங்கு. வசதியில் உயர்ந்து இருப்பவர்தான் முதலில் பணிய வேண்டும் என்பதை அதிலிருந்து நான் விளங்கிக்கொள்கிறேன். இரவு வீதியில் முகம் தெரியாத ஒருவருக்காக விளக்கைத் தாழ்த்துவதும் எனக்கு ஒரு ஸலாம் போலத்தான் படுகிறது. "உங்களுக்கு என்னால் ஒரு தீங்கும் வராது" என்பதுதானே அதன் பொருளும்.

காக்கா அந்த இரண்டு விளக்குகளையும் கழற்றிவிட்டார். காசு கொடுத்து வாங்கியதால் கொஞ்சம் கவலைதான். அவை இப்போது எங்கள் கோழிக்கூட்டுக்கு மேலே எரிகின்றன. வாப்பாவின் மணிக்கட்டும் சுகமாகிவிட்டது. நான் மீண்டும் அதே வீதியால்தான் வகுப்புக்குப் போய் வருகிறேன். வயல் வரும் இடத்தில் இன்னமும் எனக்குப் பயம்தான். எதிரே ஒரு வாகனம் வரும்போது வாப்பாவின் சேட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். சில வேளைகளில் தூரத்திலேயே அந்த வெளிச்சம் மெல்லத் தாழும். யாரென்று தெரியாத அந்தச் சாரதிக்கு நான் மனதுக்குள் துஆச் செய்வேன். அவருக்கு அது தெரியாது. அந்த வேன் சாரதிக்குத் தெரியாதது போலவே.

13ஆம் தரம், உயிரியல் பிரிவு