நான்கு சாட்சி யாரைக் காக்க?

பஸ்ராவின் ஆளுநர் முகீரா இப்னு ஷுஃபா, வேற்றுப் பெண்ணோடு இருந்ததைக் கண்ணால் கண்டதாக நான்கு பேர் புகார் கொண்டுவந்தார்கள். கலீஃபா உமர் விசாரித்தார். மூன்று பேர் அடித்துச் சொன்னார்கள். நான்காமவரோ, அந்தச் செயலையே பார்த்ததாகச் சொல்லாமல் பின்வாங்கிவிட்டார். ஆளுநர் தப்பினார், சாட்சி சொன்ன மூவருக்கும் ஆளுக்கு 80 கசையடி விழுந்தது என்கின்றன வரலாற்று நூல்கள்.

இஸ்லாமியச் சட்டத்தில் மணவுறவுக்கு வெளியே நடக்கும் உடலுறவுக்கு ‘ஜினா’ என்று பெயர். அது பெரும்பாவம் என்பதில் எந்த மத்ஹபுக்கும் (சட்டப் பள்ளிக்கும்) மாற்றுக் கருத்து கிடையாது. அதற்குத் திருக்குர்ஆனின் 24ஆவது அத்தியாயமான ‘அந்நூர்’ 100 கசையடி விதிக்கிறது. மணமானவர்களைக் கல்லெறிந்து கொல்லும் தண்டனை குர்ஆனில் இல்லை. அது நபிமொழிகளை ஆதாரமாகக் கொண்டு வந்தது.

தண்டனையைச் சொன்ன கையோடு அதே அத்தியாயம் ஊர்வாய்க்கும் பூட்டுப் போடுகிறது. நான்கு சாட்சி இல்லாமல் ஒழுக்கமான பெண்மீது பழி சுமத்தினால் 80 கசையடி. பழி சுமத்தியவர்களின் சாட்சியமும் அதன்பின் செல்லாது. அந்த நான்கு பேரும் எப்படிப் பார்த்திருக்க வேண்டும்? சுர்மா (கண்மை) குப்பிக்குள் குச்சி இறங்குவதுபோல அவ்வளவு துல்லியமாக என்றார்கள் சட்ட அறிஞர்கள். இருவரும் ஒரே போர்வைக்குள் இருந்தார்கள் என்றால் போதாது. குற்றத்தை ஒப்புக்கொண்டவரும் வாக்குமூலத்தைத் திரும்பப் பெறலாம்.

இந்தப் பூட்டைத்தான் பாகிஸ்தான் தலைகீழாக மாட்டியது.

1979இல் ராணுவ ஆட்சியாளர் ஜியாவுல் ஹக் கொண்டுவந்த ஹுதூத் அவசரச் சட்டம், ஜினாவையும் பாலியல் வன்கொடுமையையும் ஒரே சட்டத்துக்குள் அடைத்தது. வன்கொடுமைக்கு ‘ஹத்’, அதாவது மார்க்கம் வரையறுத்த தண்டனை வேண்டுமானாலும் நான்கு ஆண் சாட்சிகள் தேவை என்றது. விளைவு? சாஹிவாலில் வன்கொடுமைக்கு ஆளானதாகச் சொன்ன, பார்வையற்ற இளம்பெண்ணின் கர்ப்பமே அவருக்கு எதிரான ஆதாரமாயிற்று. 1983இல் அவருக்கு மூன்று ஆண்டு சிறையும் 15 கசையடியும் விதிக்கப்பட்டன. குற்றம் சாட்டப்பட்ட ஆண்கள் விடுதலையானார்கள். நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பிய பிறகு, மத்திய ஷரீஅத் நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது.

ஆட்சியாளர்கள்தான் கெடுத்தார்கள், சட்ட மரபில் குறையே இல்லை என்று சிலர் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. மணமாகாத பெண்ணின் கர்ப்பத்தை ஆதாரமாக ஏற்பது மாலிகி மத்ஹபின் பழைய நிலைப்பாடு. ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகள் அதை ஏற்கவில்லை. மாலிகி மத்ஹபைப் பின்பற்றும் வடக்கு நைஜீரியாவின் கட்சினா மாநிலத்தில் 2002இல் மணவிலக்குக்குப் பின் பிள்ளை பெற்ற ஒரு தாய்க்குக் கல்லெறி தண்டனை விதிக்கப்பட்டது. 2003 செப்டம்பரில் அவரை விடுவித்ததும் ஷரீஅத் மேல்முறையீட்டு நீதிமன்றமே. அவருடைய வாக்குமூலம் செல்லாது, தற்காத்துக்கொள்ள அவருக்குப் போதிய வாய்ப்பு தரப்படவில்லை என்றது தீர்ப்பு.

ஆக, கசையைத் தூக்கியவர்களும் அதே சட்டத்தின் பெயரைத்தான் சொன்னார்கள், அதைத் தடுத்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். எவர் கையில் சட்டம் இருக்கிறது, அதை எந்தப் பக்கத்திலிருந்து படிக்கிறார் என்பதில்தான் ஒரு பெண்ணின் உயிர் நிற்கிறது. நான்கு சாட்சி விதி அவதூறிலிருந்து காக்க வந்தது. வன்கொடுமைக்கு ஆளான பெண்ணிடம் அதைக் கேட்பது அந்த விதிக்கே செய்யும் துரோகம்.

2006இல் பெண்கள் பாதுகாப்புச் சட்டம் மூலம் பாகிஸ்தான் வன்கொடுமைக் குற்றத்தைப் பொதுத் தண்டனைச் சட்டத்துக்குள் திரும்பக் கொண்டுவந்தது. அதற்கு 27 ஆண்டுகள் பிடித்தன.